மர வேலிக்கால் நடுவதும் மாற்றுவதும்: முழுமையான வழிகாட்டி

விழுந்து கிடக்கும் வேலிக்கால் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மண்ணுக்கு மேலே நின்ற பகுதியில் ஆணி அடித்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். குழிக்குள் மாட்டிக்கொண்ட அடித்துண்டைத் தோண்டி எடுத்தால் அதுவும் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். இரண்டுக்கும் நடுவில், தரைமட்டத்தை ஒட்டிய ஒரு சாண் மட்டும் பஞ்சாகியிருக்கும். வேலிக்கால் சாவது அந்த ஒரு சாணில்தான்.

மரத்தை மக்கச் செய்வது பூஞ்சை. அது வளர ஈரம், காற்று, மிதமான வெப்பம், தின்ன மரம் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும். மேலே காற்று இருக்கிறது, ஆனால் மழை விட்டதும் மரம் காய்ந்துவிடுகிறது. ஆழத்தில் ஈரம் இருக்கிறது, காற்று போதவில்லை. தரைமட்டத்தில் நான்கும் சேர்ந்து கிடைக்கின்றன. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் ஒன்றும் செய்ய முடியாது. ஈர மண்ணைத் தொட்டு நிற்கும் மரமோ அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். இன்னொரு சங்கடமும் உண்டு. காற்று வேலியைத் தள்ளும்போது காலின்மேல் அதிகப் பளு விழுவதும் அதே தரைமட்டத்தில்தான்.

நான் முதன்முதலில் போட்ட வேலியில் பதினொரு கால்கள். ஒவ்வொரு குழியின் அடியிலும் கொஞ்சம் கான்கிரீட் கொட்டி, அதன்மேல் காலை நிறுத்தி, சுற்றிலும் கான்கிரீட் நிரப்பி, மேற்பரப்பைத் தரைக்குச் சற்றுக் கீழே விட்டு, புல் வளரட்டும் என்று மண்ணால் மூடினேன். இதைவிட உறுதியாக யாராலும் நட முடியாது என்று நம்பினேன். தண்ணீர் உள்ளே இறங்க வழி வைத்துவிட்டு, வெளியேற வழியே வைக்கவில்லை என்பது ஐந்தாவது மழைக்காலத்தில் ஒரே காற்றில் நான்கு கால்கள் முறிந்தபோதுதான் புரிந்தது. மண்ணுக்கு மேலே இருந்த மரத்தில் ஒரு குறையும் இல்லை. அதிலிருந்து எந்த வேலையைச் செய்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: இப்படிச் செய்தால் அந்த ஒரு சாணில் தண்ணீர் நிற்குமா, வடியுமா?

மாற்ற வேண்டுமா, நிமிர்த்தினால் போதுமா?

சாய்ந்த கால் எல்லாம் இற்றுப்போன கால் அல்ல. காலின் தலைப்பக்கத்தைப் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். பார்வை தரைமட்டத்தில் இருக்கட்டும். கால் அசையும்போது சுற்றியுள்ள மண்ணோ கான்கிரீட்டோ சேர்ந்து அசைந்தால், மரம் நன்றாக இருக்கிறது, பிடிமானம்தான் தளர்ந்திருக்கிறது. மண் அசையாமல் கால் மட்டும் தரைமட்டத்தில் மடங்கினால் மரம் இற்றுவிட்டது. காலே அசையாமல் தட்டி மட்டும் ஆடினால், குறுக்குச் சட்டத்தின் ஆணியையோ திருகாணியையோ பாருங்கள். குழி தோண்ட வேண்டிய வேலையே இல்லை.

அடுத்து, காலைச் சுற்றி 15 செ.மீ. ஆழத்துக்கு மண்ணை விலக்கி, ஸ்க்ரூடிரைவரால் நான்கு பக்கமும் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை சில மில்லிமீட்டர்தான் இறங்கும், நெம்பினால் நீளமான சிம்பாகப் பெயரும். இற்ற மரத்தில் முனை வழுக்கிக்கொண்டு இறங்கும், நெம்பினால் சிறு சிறு துண்டுகளாகக் குறுக்கே உதிரும். சுத்தியலால் தட்டினால் எழும் ஓசையும் சொல்லிவிடும். கெட்டி மரம் கணீரென்று பேசும், உள்ளே கூடான மரம் பொத்தென்று அடங்கிப்போகும். மரத்தின்மேல் பென்சில் தடிமனுக்கு மண்தடம் ஏறியிருந்தால் கரையான் வந்திருக்கிறது. அதற்கு மருந்து வைக்காமல் புதுக்கால் நடுவதில் பயன் இல்லை.

பிடிமானம் மட்டும் தளர்ந்திருந்தால், சுற்றிலும் 40 செ.மீ. ஆழத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு, காலை நிமிர்த்தி முட்டுக் கொடுத்து, கீழே சொல்லும் முறையில் மறுபடியும் இடித்து நிரப்பினால் போதும். தரைமட்டத்தில் மட்டும் இற்று, மேலே மரம் கெட்டியாக இருந்தால் குட்டைக் கான்கிரீட் கம்பம் ஒன்றைப் பக்கத்திலேயே நட்டு, பழைய காலை அதனுடன் இரண்டு போல்ட்டுகளால் இணைத்துவிடலாம். இற்ற அடிப்பகுதியை அறுத்துவிட வேண்டும். இது ஒட்டுவேலை போலத் தோன்றும். ஆனால் மரம் இனி மண்ணைத் தொடாது என்பதால் பல ஆண்டுகள் தாங்கும். ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் நட்ட கால்களில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டதென்றால் மீதியும் வரிசையில் நிற்கின்றன என்று பொருள். அப்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுவதே நல்லது.

எந்த மரம்?

மரத்தின் நடுப்பகுதி வைரம், வெளிவளையம் சாற்றுக்கட்டை. வைரத்தில் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் ஒவ்வாத பொருள்கள் தாமாகவே சேர்ந்திருக்கும். சாற்றுக்கட்டையில் அவை இல்லை. தேக்காக இருந்தாலும் அதன் வெளுத்த சாற்றுக்கட்டை மண்ணில் சீக்கிரம் மக்கிவிடும். எனவே மக்காமல் காக்கும் மருந்து ஏற்றாத மரம் வாங்கினால், மரத்தின் பெயரைவிட அதில் எவ்வளவு வைரம் என்பதைப் பாருங்கள். மரத்துக்கு மரம் உள்ள வேறுபாடு சாதாரணமானதல்ல. அமெரிக்காவில் ஆரெகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1920களில் தொடங்கிய ஒரு சோதனைத் தோட்டத்தில் விதவிதமான மரக்கால்களை நட்டு, அவ்வப்போது தலையைப் பிடித்து இழுத்து, எது எப்போது முறிகிறது என்று குறித்துவந்தார்கள். அதே மண்ணில், அதே மழையில், மருந்து ஏற்றாத சில மரங்கள் சில ஆண்டுகளிலேயே முறிந்தன. ஓசேஜ் ஆரஞ்சு என்ற மரத்தின் கால்களோ அரை நூற்றாண்டு கடந்தும் நின்றன.

அழுத்த முறையில் மருந்து ஏற்றிய மரம் வாங்கினால் கணக்கு தலைகீழாகிறது. மருந்து சாற்றுக்கட்டைக்குள் நன்றாக ஊறும், வைரத்துக்குள் சிரமப்பட்டே நுழையும். அதனால்தான் மருந்து ஏற்றிய உருண்டைக் கால் சதுரமாக அறுத்த காலைவிட நீடிப்பதுண்டு. அதைச் சுற்றி மருந்து ஊறிய சாற்றுக்கட்டை முழு வளையமாக இருக்கும், அறுத்த காலின் ஏதாவதொரு முகத்தில் வைரம் வெளியே தெரியும். வாங்கும்போது ‘மண்ணைத் தொடும் உபயோகத்துக்கு’ என்று குறித்த வகையைக் கேளுங்கள். தரைக்கு மேல் மட்டும் பயன்படும் வகையில் மருந்தின் அளவு குறைவு. ஈரமாக இருக்கும் காலை வாங்காதீர்கள். நட்ட பிறகு காய்ந்து வெடித்தால், மருந்து எட்டாத உள்மரம் அந்த வெடிப்பு வழியாகத் திறந்துகொள்ளும்.

நீளம் அதிகமென்று அறுக்க நேர்ந்தால் அறுத்த முனை மேலே இருக்க வேண்டும், தொழிற்சாலையிலிருந்து வந்த முனை மண்ணுக்குள் போக வேண்டும். அறுத்த இடத்தில் செப்பு நாப்தனேட் போன்ற மருந்தைத் தாராளமாகப் பூசுங்கள். இன்று வரும் மருந்துகளில் செம்பு அதிகம். அது சாதாரண இரும்பு ஆணியை அரித்துவிடும். எனவே சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஆணி, போல்ட் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் சரி.

அடிப்பகுதியில் தார் பூசலாமா, கழிவு எஞ்சின் ஆயிலில் ஊறவைக்கலாமா, நெருப்பில் கருக்கலாமா என்று பலரும் கேட்பார்கள். கழிவு ஆயில் மண்ணையும் நிலத்தடி நீரையும் கெடுக்கும், மரத்துக்குள் போவதோ மிகக் குறைவு. ஈர மரத்தில் தார் பூசினால் உள்ளே இருக்கும் ஈரத்தைப் பூட்டிவைத்த கதைதான். கருக்கிய மேல்தோல் பூஞ்சைக்குப் பிடிக்காது என்பது உண்மை, ஆனால் கருக்கும்போது விழும் வெடிப்புகள் வழியாக அது உள்ளே போய்விடும். இந்த மூன்றுக்கும் செலவிடும் நேரத்தைத் தண்ணீர் வடிய வழி செய்வதில் செலவிடலாம்.

கடப்பாரையைத் தொடுவதற்கு முன்

எல்லைக்கோடு எங்கே போகிறது என்பதைப் பக்கத்து நிலத்துக்காரருடன் சேர்ந்து நின்று உறுதிசெய்யுங்கள். ஒரு சாண் தள்ளி நட்ட வேலி, இற்ற வேலியைவிடப் பெரிய தலைவலி. அப்புறம், மண்ணுக்கடியில் மின்கம்பி, தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய் எது போகிறது என்று உரிய துறைகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 60 செ.மீ. ஆழத்தில் இவை எதுவும் இருக்கலாம்.

நூல் பிடித்தல்

இரண்டு மூலைகளிலும் குழி வரும் இடத்துக்குச் சற்று அப்பால் முளை அடித்து, கால்களின் வெளிமுகம் வர வேண்டிய கோட்டில் நூல் கட்டுங்கள். மூலை செங்கோணமாக வர, ஒரு நூலில் 3 மீட்டரும் மற்றொன்றில் 4 மீட்டரும் அளந்து குறியிடுங்கள். குறிகளுக்கு இடையே 5 மீட்டர் வந்தால் மூலை சரி. இடம் இருந்தால் 6, 8, 10 என்று அளந்தால் பிழை இன்னும் குறையும்.

கால்களுக்கு இடையே எவ்வளவு? பலகை வேலிக்கு 1.8 முதல் 2.4 மீட்டர். காற்று புகாத அடைத்த வேலி என்றால் 1.8 பக்கமே நில்லுங்கள், அது பாய்மரத்துணி போலக் காற்றை வாங்கும். மொத்த நீளத்தைச் சமமாகப் பிரியுங்கள். உதாரணமாக 17 மீட்டர் வேலியில் இடைவெளி 2.4-ஐத் தாண்டக் கூடாதென்றால் ஏழு இடைவெளி போதாது. எட்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 2.125 மீட்டர், கால்கள் ஒன்பது. கடைசியில் ஒரு குட்டை இடைவெளி மிஞ்சி உறுத்தாது. தயார்த் தட்டிகள் வாங்குவதென்றால் மட்டும் தட்டியின் அகலமே இடைவெளியைத் தீர்மானிக்கட்டும். அப்போது குழிகளை எல்லாம் ஒரே நாளில் தோண்டாமல், ஒரு கால், ஒரு தட்டி, அடுத்த கால் என்று போவது பிழையைச் சேரவிடாது.

மூலைக்கால்களையும் வாசற்கால்களையும் முதலில் நட்டு முடியுங்கள். பிறகு அவற்றின் முகத்தில் 2 செ.மீ. கனமான கட்டை ஒன்றை வைத்து, அதன்மேல் நூலை இழுத்துக் கட்டுங்கள். நடுக்கால்களை நடும்போது ஒவ்வொன்றுக்கும் நூலுக்கும் இடையே அதே கனமுள்ள இன்னொரு கட்டை நுழைகிறதா என்று பார்த்தால் போதும். கால்கள் நூலைத் தொட்டுக்கொண்டே இருந்தால் ஏதாவதொன்று அதைக் கொஞ்சம் தள்ளும், அடுத்தது இன்னும் கொஞ்சம் தள்ளும், கடைசியில் வேலி வில்லாக வளைந்து நிற்கும்.

குழி

பொதுவான கணக்கு: காலின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள். தரைக்கு மேல் 1.5 மீட்டர் வேண்டுமென்றால் 75 செ.மீ. உள்ளே, ஆக 2.25 மீட்டர் கால். எவ்வளவு குட்டை வேலியானாலும் 60 செ.மீ.க்குக் குறைக்காதீர்கள். குளிர்காலத்தில் தரை உறையும் ஊர்களில், உறையும் ஆழத்துக்கும் கீழே அடி போக வேண்டும். இல்லாவிட்டால் உறைந்து விரியும் மண் காலைப் பிடித்து ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கும்.

குழியின் அகலம் காலின் அகலத்தைப் போல மூன்று மடங்கு. 10 செ.மீ. சதுரக் காலுக்கு 30 செ.மீ. குழி. பக்கங்கள் நேராக இறங்க வேண்டும், அடி சற்று அகலமாக இருந்தால் இன்னும் நல்லது. மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் புனல் போலத் தோண்டிவிடுவது மண்வெட்டி மட்டும் வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. அதில் நிரப்பியது காலைப் பிடிக்காது, உறையும் மண்ணும் அதைச் சுலபமாகத் தூக்கிவிடும். கடப்பாரையால் மண்ணைத் தளர்த்தி, நீண்ட கைப்பிடியுள்ள குழித்தோண்டியால் அள்ளி எடுங்கள். இயந்திரத் துரப்பணத்தால் தோண்டினால் களிமண்ணில் குழிச்சுவர் மெழுகியது போலாகிவிடும். கடப்பாரை நுனியால் சுவரைச் சுரண்டிச் சொரசொரப்பாக்குங்கள்.

குழியின் அடியில் 10 முதல் 15 செ.மீ. ஜல்லி போட்டு இடித்து, அதன்மேல் காலை நிறுத்துவது வழக்கம். காலின் வெட்டுமுகம் தண்ணீரில் நிற்காமலிருக்க இது உதவும், தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும் நிலமாக இருந்தால். கெட்டிக் களிமண்ணில் ஜல்லிக்கடியில் தண்ணீர் போக வழியே இல்லை, அந்தக் குழி சின்னக் கிணறாகிவிடும். அப்படிப்பட்ட மண்ணா என்று தெரிய, தோண்டிய குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி மறுநாள் பாருங்கள். அப்படியே நின்றால், அடியில் ஜல்லி போடுவதைவிட மேலிருந்து தண்ணீர் குழிக்குள் வராமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

நிரப்புவது: மண்ணா, ஜல்லியா, கான்கிரீட்டா?

இதில் அவரவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எனக்கும் உண்டு. சாதாரண நடுக்கால்களுக்கு நான் இடித்த ஜல்லியையே தேர்ந்தெடுப்பேன். தண்ணீர் வடியும், காற்றோட்டம் இருக்கும், பின்னாளில் மாற்றும்போது கடப்பாரை ஒன்றே போதும். தோண்டிய மண் கல்லும் மணலும் கலந்து நன்றாக இறுகும் வகை என்றால் அதையே திருப்பிப் போடலாம். இலை, வேர், கரிமச் சத்துள்ள மேல்மண் மட்டும் வேண்டாம்.

ஜல்லி என்றால் உடைத்த, கூர்முனையுள்ள 20 மி.மீ. வரையிலான கல், தூளுடன் கலந்தது. உருண்டைக் கூழாங்கல் இறுகாது. 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்கு மேல் ஒரே தடவையில் போடாதீர்கள். ஒவ்வொரு அடுக்கையும் திமிசாலோ கடப்பாரையின் தட்டை முனையாலோ காலைச் சுற்றிச் சுற்றி வந்து இடியுங்கள். தொடக்கத்தில் திமிசு புதையும். போதுமான அளவு இறுகியதும் கைக்கு எதிர்அடி கிடைக்கும், ஓசை மாறும். அந்த ஓசை வரும்வரை அடுத்த அடுக்குக்குப் போகக் கூடாது. கால் ஒரு நெம்புகோல். மேலே காற்று தள்ளினால் அதைத் தடுப்பது குழியின் வாய்ப்பக்க மண்ணும், எதிர்த்திசையில் அடிமண்ணும்தான். எனவே முதல் அடுக்கிலும் கடைசி இரண்டு அடுக்கிலும் கூடுதலாக இடியுங்கள். சரியாக இடித்த காலை அன்றைக்கே ஆட்டிப் பாருங்கள், அசையாது. ஜல்லிக்குப் பதில் தோண்டிய மண்ணையே போட்டிருந்தால், அது முழுவதும் திரும்பக் குழிக்குள் போய்விட்டால் நன்றாக இறுகிவிட்டது என்று அர்த்தம்.

கான்கிரீட் தேவைப்படும் இடங்கள்: மணற்பாங்கான நிலம், வாசற்கால், கனமான அடைத்த வேலி. 30 செ.மீ. குழியில் 15 செ.மீ. ஜல்லிக்கு மேல் 60 செ.மீ. உயரத்துக்கு நிரப்ப, காலின் பருமனைக் கழித்தால் ஏறத்தாழ 36 லிட்டர் கான்கிரீட் வேண்டும், எடை 85 கிலோ பக்கம். 1:2:4 கலவையில் 8 லிட்டர் சிமெண்ட், 16 லிட்டர் மணல், 31 லிட்டர் ஜல்லி (இவை உலர்ந்த அளவு, கலந்ததும் சுருங்கிவிடும்). தண்ணீரைக் கட்டுப்படுத்துங்கள். கலவை கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கூழாக ஓடக் கூடாது. ஈரச் சிமெண்ட் தோலை எரித்துப் புண்ணாக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். உலர்ந்த கலவையைக் குழியில் கொட்டி மேலே தண்ணீர் ஊற்றும் குறுக்குவழியும் உண்டு. எல்லா இடத்திலும் ஒரே சீராக நனையும் என்ற உறுதி இல்லாததால் நான் அதைச் செய்வதில்லை.

என் முதல் வேலியில் நடந்ததைத் தவிர்க்க மூன்று விஷயங்கள். ஒன்று, காலின் அடிமுகத்தைக் கான்கிரீட் மூடக் கூடாது, அது ஜல்லியில் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு, கான்கிரீட்டின் மேற்பரப்பு தரைக்கு மேலே 3 முதல் 5 செ.மீ. எழும்பி, காலிலிருந்து வெளிப்பக்கமாக நான்கு பக்கமும் சரிந்து இருக்க வேண்டும், கரண்டியால் தேய்த்து வழவழப்பாக்கி விடுங்கள். அந்த விளிம்பு குழியைத் தாண்டித் தொப்பி போல விரியக் கூடாது, உறையும் மண் அதைப் பிடித்துத் தூக்கும். மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மரம் காய்ந்து சுருங்கும்போது மரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி விழும். மழைநீர் அதில் இறங்கினால் வெயில் படாத இடத்தில் தங்கிவிடும். சில மாதங்கள் கழித்து அந்த இடைவெளியை வளையும் தன்மையுள்ள சீலன்ட்டால் அடையுங்கள், ஆண்டுக்கொரு முறை பாருங்கள்.

நிமிர்த்தி நிறுத்துதல்

நிரப்புவதற்கு முன் ரசமட்டத்தைக் காலின் அடுத்தடுத்த இரண்டு முகங்களில் வைத்துப் பாருங்கள். ஒரு முகத்தில் மட்டும் பார்த்தால் மறுபக்கம் சாய்ந்திருப்பது தெரியாது. ரசமட்டம் இல்லையென்றால் தூக்குக்குண்டு போதும், உருண்டைக் காலுக்கு அதுதான் சிறந்ததும்கூட. இரண்டு திசையில் இரண்டு முட்டுக்கட்டைகளைக் காலில் ஒற்றைத் திருகாணியால் பிடித்து, கீழ்முனையை முளையில் கட்டுங்கள். ஒவ்வொரு அடுக்கு இடித்த பிறகும் மட்டம் பாருங்கள், இடிக்கும்போது கால் நகரும். வளைவுள்ள கால் என்றால் வளைவு வேலியின் நீளவாக்கில் வரும்படி திருப்பி, நேரான முகத்தை நூல் பக்கம் வையுங்கள்.

கான்கிரீட் போட்டால் முட்டுகளை 2 நாள் எடுக்காதீர்கள். தட்டி மாட்ட 3 நாள், வாசற்கதவு மாட்ட ஒரு வாரம் பொறுங்கள்.

பழைய காலை வெளியே எடுப்பது

புதிதாக நடுவதைவிட இதுதான் உடம்பை முறிக்கும் வேலை. முதலில் இருபக்கத் தட்டிகளுக்கும் முட்டுக் கொடுத்து, கீழே செங்கல்லோ கட்டையோ வைத்து எடையைத் தாங்குங்கள். பிறகுதான் காலிலிருந்து குறுக்குச் சட்டங்களைக் கழற்ற வேண்டும். துருவேறிய ஆணியைப் பிடுங்கப் போராடாமல், சட்டத்துக்கும் காலுக்கும் நடுவில் இரும்பு வெட்டும் ரம்பத்தை விட்டு அறுத்துவிடுங்கள், சட்டத்தின் முனை பிளக்காது.

முழுக்கால் நிற்கிறதென்றால் அதை அறுத்துவிடாதீர்கள், நீளமாக நிற்கும் கால்தான் உங்களுக்குக் கைப்பிடி. சுற்றிலும் 30 செ.மீ. ஆழம் தோண்டி, முன்னும் பின்னும் ஆட்டித் தளர்த்துங்கள். மண் இறுகியிருந்தால் முதல்நாள் தண்ணீர் ஊற்றி வையுங்கள். அப்புறம் தரையை ஒட்டிச் சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி, பக்கத்தில் கனமான தாங்கு கட்டை வைத்து, நீண்ட உத்திரத்தை அதன்மேல் படுக்க வைத்துச் சங்கிலியில் கோத்து நெம்புங்கள். தாங்கு கட்டையிலிருந்து சங்கிலிப் பக்கம் 20 செ.மீ., நீங்கள் அழுத்தும் பக்கம் 2 மீட்டர் என்றால் உங்கள் பலம் பத்து மடங்காகிறது. ஒவ்வொரு நெம்புக்கும் கால் சில செ.மீ. எழும். சங்கிலியைக் கீழே இறக்கிக் கட்டி மறுபடி நெம்புங்கள். வண்டிக்குப் பயன்படும் உயரமான ஜாக்கியும் இதற்கு நன்றாக உதவும். முதுகை வளைத்துக் கட்டிப்பிடித்துத் தூக்க மட்டும் முயலாதீர்கள்.

தரையோடு முறிந்து, வெறும் அடித்துண்டு மட்டும் மண்ணில் இருந்தால், அதன் கெட்டியான பகுதியில் நீண்ட திருகாணிகள் நான்கை முடுக்கி, அவற்றில் சங்கிலியை மாட்டி நெம்பலாம். கான்கிரீட் கட்டியோடு வந்தால் ஒரு பக்கம் மட்டும் கட்டியின் முழு ஆழத்துக்குத் தோண்டி, அந்தப் பள்ளத்துக்குள் அதைச் சாய்த்து, சரிந்த பலகை மேல் உருட்டி வெளியே இழுங்கள். குழிக்குள் வைத்துக்கொண்டு சம்மட்டியால் உடைப்பது நேர விரயம்.

கட்டி அசையவே இல்லையா? இரண்டு வழி. கான்கிரீட் உறுதியாக நின்றால் உள்ளே இருக்கும் இற்ற மரத்தை உளியாலும் துரப்பணத்தாலும் சுத்தமாக எடுத்து, அடியில் தண்ணீர் வடிகிறதா என்று ஊற்றிப் பார்த்து, வடிந்தால் அதே அளவுப் புதுக்காலை அந்த ஓட்டைக்குள் இறக்கலாம். தண்ணீர் நின்றால் அந்த ஓட்டையை மறந்துவிடுங்கள், பழைய பிணி புதுக்காலுக்கும் தொற்றும். அப்போது கட்டியை மண்ணிலேயே விட்டு, 40 செ.மீ. தள்ளிப் புதுக்குழி தோண்டி, குறுக்குச் சட்டத்தை அதற்கேற்ப வெட்டி மாட்டுங்கள்.

பழைய குழியிலேயே நடுவதென்றால், அங்கே கிடக்கும் மக்கிய மரத்தூளையும் கறுத்த மண்ணையும் முழுதாக வாரி எடுத்துவிட்டு, குழியைச் சுத்தமான மண் தெரியும்வரை அகலப்படுத்துங்கள். தளர்ந்த பழைய குழி என்பதால் முன்பைவிட 10 செ.மீ. ஆழமாகப் போவது நல்லது. எடுத்த பழைய மரத்தை எரிக்காதீர்கள். அமெரிக்காவில் 2003 கடைசிவரை வீட்டு வேலிகளுக்கு விற்ற பச்சை நிற மருந்து மரத்தில் ஆர்சனிக் இருந்தது, மற்ற நாடுகளிலும் அது பரவலாகப் பயன்பட்டிருக்கிறது. புகையும் சாம்பலும் நஞ்சு. காய்கறிப் பாத்திகளுக்கு ஓரம் கட்டவும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

வாசல், மூலை, சரிவு

வாசற்கால் நாள் முழுதும் கதவின் எடையைத் தாங்குகிறது, ஒவ்வொரு முறை கதவு மோதும்போதும் உதை வாங்குகிறது. 12 முதல் 15 செ.மீ. பருமனான கால், 90 செ.மீ. ஆழம். இதில் சிக்கனம் வேண்டாம்.

கம்பி வேலியில் மூலைக்கால்தான் எல்லா இழுப்பையும் சுமக்கிறது. அதற்குத் துணையாக இரண்டரை மீட்டர் தள்ளி இன்னொரு காலை நட்டு, இரண்டின் தலைப்பக்கத்தையும் குறுக்குக்கட்டையால் இணையுங்கள். பிறகு மூலைக்காலின் அடியிலிருந்து துணைக்காலின் தலைக்குச் சாய்வாகக் கம்பி கட்டி முறுக்குங்கள். திசை மாறி, மூலைக்காலின் தலையிலிருந்து துணைக்காலின் அடிக்குக் கட்டினால் அந்தக் கம்பி ஒரு வேலையும் செய்யாது.

சரிவான நிலத்திலும் கால் செங்குத்தாகவே நிற்க வேண்டும், சரிவுக்குச் செங்கோணமாக அல்ல. இடைவெளியையும் தரையோடு தரையாக அளக்காமல் நாடாவைக் கிடைமட்டமாகப் பிடித்து அளங்கள்.

தலையும் காலடியும்

மரத்தின் வெட்டுமுகம் பக்கவாட்டு முகத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கும். காலின் தலையைச் சாய்வாக அறுத்து மருந்து பூசுங்கள், அல்லது உலோக மூடி போடுங்கள். மூடி போட்டால் தலையைத் தட்டையாக விடலாம். வேலிப் பலகைகளின் கீழ்முனை தரையிலிருந்து 5 செ.மீ. மேலே நிற்கட்டும்.

ஜல்லியோ மண்ணோ நிரப்பிய காலடியில், கடைசி 10 செ.மீ.க்குக் களிமண் போட்டு இடித்து, காலைச் சுற்றிச் சிறு மேடாக்கி வெளிப்பக்கம் சரித்துவிடுங்கள். முதல் மழையில் அது உள்வாங்கிப் பள்ளமாகும், மறுபடி நிரப்பி இடியுங்கள். ஒரு பருவம் முழுக்க இதைச் செய்ய வேண்டியிருக்கும். காலடியில் இலைச்சருகோ உரமண்ணோ குவியவிடாதீர்கள். அது தரைமட்டத்தை மேலே உயர்த்தி, அந்த ஒரு சாணைக் காலின் புதிய இடத்துக்குக் கொண்டுபோகிறது. செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் வேலிக்காலில் படுகிறதா என்றும் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு நாள், மழைக்காலம் முடிந்து மண் சற்று உலர்ந்ததும், ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வேலியோரமாக நடந்து, ஒவ்வொரு காலின் அடியிலும் மண்ணை விலக்கி ஒரு குத்து. முப்பது கால் வேலிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.